சீழ் வராத குழந்தைகள்

புண்ணில் கட்டும் சீழ் எங்கிருந்து வருகிறது? 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவ உலகில் இது சூடான வாக்குவாதம். அங்கே யாரும் எதிர்த்துப் பேசத் தயங்கும் இடத்தில் இருந்தவர் ருடால்ஃப் விர்ஹோ. சீழில் காணும் செல்கள் புண்பட்ட இடத்துத் திசுவிலேயே பெருகி உண்டாகின்றன என்பது அவர் கட்சி. அவரிடமே பயின்ற யூலியஸ் கோன்ஹைம் 1867இல் ஒரு தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்துவைத்துப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுப்பட்டுச் சவ்வில் அழற்சி தொடங்கியதும், சிறு ரத்தக்குழாய்களில் விரைந்துகொண்டிருந்த வெள்ளணுக்கள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் ஒதுங்கின. அங்கேயே ஒட்டி நின்றன. பிறகு சுவரை ஊடுருவி வெளியேறித் திசுவுக்குள் போயின. சீழ் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. ஆசிரியர் சொன்னது தவறு.

வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுவதை அவருக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். பிரான்சில் துட்ரோஷே 1824இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அதை அழற்சியின் மையமாக வைத்து நிறுவியவர் கோன்ஹைம். அழற்சி வந்த இடத்தில் குழாய்ச் சுவரில் ஏதோ ஒரு மாற்றம் நடக்கிறது, அதனால்தான் செல்கள் அங்கே ஒட்டுகின்றன என்று அவர் கருதினார். அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்று தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரத்தத்தின் வேலையே ஓடுவது. அதில் மிதக்கும் செல்கள் ஒன்றோடொன்றும் சுவரோடும் ஒட்டத் தொடங்கினால் குழாய் அடைபட்டு உறுப்பு செத்துவிடும். அதே ரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும் வெள்ளணுக்கள், காலில் முள் குத்தினால் அந்த இடத்தில் மட்டும், சில மணி நேரத்துக்குள், ஒட்டியாக வேண்டும். முள்ளுக்கு ஓர் அங்குலம் தள்ளி ஒட்டினால்கூடப் பயனில்லை. ஒட்டியவை பிறகு விடுவித்துக்கொண்டு நகரவும் வேண்டும். எந்நேரமும் ஒட்டும் தன்மையுள்ள ஒரு பொருளை வைத்து இதைச் செய்ய முடியாது.

லிம்ஃபோசைட் என்ற வகை வெள்ளணுக்களின் கதை இன்னும் விசித்திரமானது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் 1950களின் இறுதியில் தொடங்கிய எலி ஆய்வுகளில், இவை ரத்தத்திலிருந்து நிணநீர்க் கணுக்களுக்குள் இறங்கி, நிணநீர் வழியே மறுபடி ரத்தத்துக்கு வந்து, ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினார். கணுவில் அவை இறங்குவது ஒரு குறிப்பிட்ட வகைச் சிறு சிரைகளின் வழியாக மட்டுமே. பக்கத்திலேயே ஓடும் மற்றக் குழாய்களை அவை சட்டை செய்வதில்லை. அப்படியானால் சுவர்களில் முகவரி எழுதியிருக்கிறது, அதைப் படிக்கும் ஏதோ ஒன்று செல்லின் மேல் இருக்கிறது.

அதைத் தேடிப் போனவர்களில் டிமதி ஸ்பிரிங்கரின் பாதையைத்தான் இந்த அத்தியாயத்தில் பின்தொடரப்போகிறோம். 1948இல் பிறந்த அமெரிக்கர். ஹார்வர்டில் ஜாக் ஸ்ட்ரோமிங்கரிடம் முனைவர் பட்டம் முடித்த கையோடு, 1976இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போய் சேஸார் மில்ஸ்டீனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மில்ஸ்டீனும் ஜார்ஜ் கோலரும், ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளை மட்டும் வேண்டிய அளவு சுரந்துகொண்டே இருக்கும் செல்களை உருவாக்கியிருந்தார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்துச் சாகாவரம் கொடுக்கும் வித்தை அது. மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று இன்று மருந்துக் கடை வரை வந்துவிட்ட சொல்லின் பிறப்பிடம் அந்த ஆய்வகம். 1984இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

ஏற்கெனவே தெரிந்த மூலக்கூறுகளை அடையாளம் காட்ட ஒரு நல்ல கருவி என்றுதான் பலரும் இதை எடுத்துக்கொண்டார்கள். ஸ்பிரிங்கர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். சுண்டெலியின் வெள்ளணுக்களை முழுதாக எடுத்துப் பெரிய எலிக்குள் செலுத்தினால், அந்தச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு புரதத்துக்கும் எதிராகப் பெரிய எலி எதிர்ப்பொருள் உண்டாக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால், இதுவரை யாரும் பார்த்திராத புரதங்களைப் பிடிக்கும் கொக்கிகள் கைக்கு வந்துவிடும். இப்படிக் கேம்பிரிட்ஜில் கிடைத்த எம்1/70 என்ற எதிர்ப்பொருள், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் மேல் உள்ள மேக்-1 என்ற புரதத்தைக் காட்டிக்கொடுத்தது. சுண்டெலியை வைத்து நோயெதிர்ப்பு ஆய்வு செய்யும் ஆய்வகங்கள் இன்றும் எம்1/70ஐ விலைக்கு வாங்குகின்றன.

1977இல் ஹார்வர்டுக்குத் திரும்பியவர் அடுத்த அடியை எடுத்துவைத்தார். வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் டி செல், தன் இரையைக் கொல்வதற்கு முன் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்நியப் பொருளை அடையாளம் காணும் ஏற்பியே பற்றும் வேலையையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க நியாயம் இருந்தது. ஸ்பிரிங்கரும் கூட்டாளிகளும் ஊகத்தில் இறங்கவில்லை. கொல்லும் செல்களுக்கு எதிராக ஏராளமான எதிர்ப்பொருள்களை உருவாக்கி, ஒவ்வொன்றாகக் கலவையில் விட்டு, எது கொலையைத் தடுக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். ஒன்று தடுத்தது. 1981இல் வெளியிட்டார்கள். அது பிடித்த புரதம் அடையாளம் காணும் ஏற்பி அல்ல; முற்றிலும் வேறு. அது என்ன செய்கிறது என்று அப்போது தெரியாததால், லிம்ஃபோசைட்டின் செயல்பாட்டோடு தொடர்புடைய ஒன்று என்ற பொருளில் எல்.எஃப்.ஏ-1 என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே இந்த வெள்ளந்தித்தனம்தான். ‘எந்தப் புரதம் முக்கியம் என்று நான் சொல்லப்போவதில்லை, செல்லே சொல்லட்டும்’ என்கிற தேடல். இன்றைக்கு இதே திட்டத்தோடு நிதி கேட்டுப் போனால், உங்கள் கருதுகோள் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் குழுக்கள்தான் அதிகம்.

மேக்-1, எல்.எஃப்.ஏ-1 இரண்டும் ஒவ்வொன்றும் இரண்டு சங்கிலிகளால் ஆனவை. 1983வாக்கில் ஒரு விஷயம் தெளிவானது: ஒரு சங்கிலி புரதத்துக்குப் புரதம் வேறு, மற்றொன்று இரண்டுக்கும் பொது. அதே பொதுச் சங்கிலியோடு மூன்றாவதாக இன்னொரு புரதமும் அகப்பட்டது. ஆக, இது ஒரு குடும்பம். வெறும் ஆய்வகத் தகவலாக இருந்த இந்தக் குடும்ப உறவு, சரியாக அந்த நேரத்தில் ஒரு நோயின் முடிச்சை அவிழ்த்தது.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி வாடி உதிர ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். ‘கொடி விழுந்துவிட்டதா’ என்று பாட்டிமார் கேட்பது வழக்கம். அது தானாகக் காய்ந்து விழுவதுபோலத் தோன்றினாலும், கொடியின் அடியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிந்து திசுவைக் கரைப்பதற்கும் அதில் பங்கு உண்டு. 1979இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிலர் ‘லான்செட்’ இதழில் சில குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். கொடி விழவே பல வாரங்கள் ஆயின. பிறகு தொற்றுமேல் தொற்று. அவர்களின் நியூட்ரோஃபில்கள் சரியாக நகரவில்லை. மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு சிறுவனைப் பற்றிய அறிக்கை வந்தது: அவனுடைய நியூட்ரோஃபில்களின் மேல் பெரிய புரதம் ஒன்று இல்லை.

இந்தக் குழந்தைகளின் நோய்க்குறி விநோதமானது. ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை இயல்பைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். புண்ணிலோ சீழ் இருக்காது. தோலும் ஈறும் அழுகும், காயம் ஆறாது, அந்த இடத்திலிருந்து துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நியூட்ரோஃபில் ஒன்றுகூட இராது. எலும்பு மஜ்ஜை செல்களை உண்டாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவை ரத்தத்தை விட்டு இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கடுமையான வகை நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர், எலும்பு மஜ்ஜை மாற்று செய்யாவிட்டால், இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

  

ஹூஸ்டனில் இத்தகைய குழந்தைகளைக் கவனித்துவந்த டொனால்ட் ஆண்டர்சனின் குழுவும் ஸ்பிரிங்கரும் சேர்ந்து 1984இல் விடையை வெளியிட்டார்கள். குழந்தைகளின் செல்களில் அந்தக் குடும்பத்தின் மூன்று புரதங்களுமே காணவில்லை. மூன்று தனிப் புரதங்கள் ஒரே குழந்தையில் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்பில்லை. மூன்றுக்கும் பொதுவான சங்கிலிதான் பழுது. செல்லுக்குள் துழாவியபோது எல்.எஃப்.ஏ-1இன் தனிச் சங்கிலி முழுமை பெறாத நிலையில் இருந்தது. துணை கிடைக்காமல் அதால் மேற்பரப்புக்கு வர முடியவில்லை. பொதுச் சங்கிலிக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிடி18 என்பது அந்தச் சங்கிலிக்கு இன்றைய பெயர். நோய்க்கு வெள்ளணு ஒட்டுக் குறைபாடு, முதல் வகை என்று பெயர்.

மாடுகளுக்கும் இதே நோய் உண்டு. ஹோல்ஸ்டீன் கன்றுகள் சில, சீழில்லாத புண்களோடும் எகிறிய வெள்ளணுக்களோடும் சாவதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1992இல் காரணம் கிடைத்தது: சிடி18இன் 128ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் ஏறக்குறைய 15 சதவீதமும் பசுக்களில் 6 சதவீதமும் இந்தப் பழுதைச் சுமந்தன. தடம் பிடித்துப் போனால் எல்லாம் ஒரே காளையில் முடிந்தது. 1950கள், 60களில் செயற்கைக் கருவூட்டல் மூலம் எண்ணற்ற கன்றுகளுக்குத் தந்தையான காளை அது. நம்மூர் எச்.எஃப். கலப்பினப் பசுக்களும் அந்த இனத்திலிருந்து வந்தவையே. அதனால்தான் இந்தியாவிலும் உறைவிந்து நிலையத்துக்குக் காளையை எடுக்கும்போது இந்தக் குறைபாட்டுக்குச் சோதிக்கிறார்கள்.

நோயாளிக் குழந்தைகளின் செல்கள் அடுத்த கண்டுபிடிப்புக்கும் உதவின. ஆய்வகக் கிண்ணத்தில் லிம்ஃபோசைட்டுகளை ஒரு வேதிப்பொருளால் தூண்டினால் அவை தமக்குள் ஒட்டித் திரளும். எல்.எஃப்.ஏ-1ஐ மறைத்தால் திரளாது. அப்படியென்றால் ஒரு செல்லின் எல்.எஃப்.ஏ-1 மற்றச் செல்லின் எல்.எஃப்.ஏ-1ஐப் பிடிக்கிறதா? ராபர்ட் ராத்லைனும் ஸ்பிரிங்கரும் நோயாளியின் செல்களைத் தனியாகத் தூண்டினார்கள், திரளவில்லை. நலமான செல்களோடு கலந்தார்கள், ஒட்டிக்கொண்டன. எல்.எஃப்.ஏ-1 இல்லாத செல்லைப் பிடிக்க எதிரில் உள்ள எல்.எஃப்.ஏ-1ஆல் முடிகிறது என்றால், அது பிடிப்பது வேறொன்றை. அந்த வேறொன்றைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்த தந்திரம் அழகு. எல்.எஃப்.ஏ-1 இல்லாத நோயாளியின் செல்களையே சுண்டெலிக்குச் செலுத்தி எதிர்ப்பொருள் உண்டாக்கினார்கள். அந்தச் செல்களில் எல்.எஃப்.ஏ-1 கிடையாது என்பதால், திரள்வதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் எது கிடைத்தாலும் அது மறுபக்கத்துக் கூட்டாளியைத்தான் பிடித்திருக்க வேண்டும். 1986இல் அகப்பட்டது ஐகேம்-1. உலகில் மிகச் சில குடும்பங்களை மட்டும் வாட்டும் ஒரு நோய் இல்லாவிட்டால் இந்தச் சோதனையைச் செய்தே இருக்க முடியாது. மரபணுவை வேண்டியபடி வெட்டி எறியும் கருவிகள் அன்று இல்லை.

ஐகேம்-1தான் கோன்ஹைமின் ‘ஏதோ ஒன்று’க்குக் கிடைத்த முதல் விடைகளில் ஒன்று. குழாய்ச் சுவரின் உட்புறச் செல்களில் இது சாதாரண நேரத்தில் கொஞ்சமாக இருக்கும். அழற்சிச் செய்தி கொண்டுவரும் சைட்டோகைன்கள் பட்டால் சில மணி நேரத்தில் ஏராளமாக முளைக்கும். சுவர் மாறுகிறது என்று தவளையைப் பார்த்து அவர் சொன்னது சரி.

1989இல் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு செய்தி வந்தது. நமக்குச் சளி பிடிக்கக் காரணமான ரைனோவைரஸ்களில் பெரும்பாலான வகைகள் மூக்கின் செல்களுக்குள் நுழையும் கதவு இதே ஐகேம்-1 என்று ஸ்பிரிங்கரின் குழுவும் வேறொரு குழுவும் ஒரே ஆண்டில் கண்டன. மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்ளப் பிடிப்பவற்றிலும் ஐகேம்-1 ஒன்று.

1987இல் பொதுச் சங்கிலியின் அமினோ அமில வரிசையைப் படித்தபோது குடும்பம் இன்னும் பெரிதானது. ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாட்டி இருவரும் நோயெதிர்ப்போடு தொடர்பில்லாமல், செல்கள் தம்மைச் சுற்றிய நார்ப்பொருளை எப்படிப் பற்றுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ட ஏற்பிகளும் இதுவும் ஒரே வார்ப்பு. இன்டெக்ரின்கள் என்ற அந்தப் பெருங்குடும்பத்தில் மனிதருக்கு 24 உறுப்பினர்கள் உண்டு. ஹைன்ஸ், ரூஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் மூவருக்கும் சேர்த்து 2022இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

இதோடு கதை முடிந்ததாகத் தோன்றும். செல்லில் எல்.எஃப்.ஏ-1, சுவரில் ஐகேம்-1, இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் கிண்ணத்தில் அசையாமல் கிடக்கும் செல்களுக்குத்தான் இது பொருந்தும். ஓடும் ரத்தத்தில் செல்லும் சுவரும் நேருக்கு நேர் இருக்கும் நேரம் ஒரு நொடியின் சிறு துளி. அதற்குள் பிடிக்க வேண்டும். இந்தக் கேள்வியை எடுத்தவர் மைக்கேல் லாரன்ஸ். ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் திரவ ஓட்டத்தைப் படித்துவிட்டு ஸ்பிரிங்கரிடம் வந்தவர். உயிரியலாளர்களுக்குத் தோன்றாத கேள்வி பொறியியல் படித்தவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம். அதில் தூய்மைப்படுத்திய புரதம். மேலே நியூட்ரோஃபில்கள் கலந்த திரவத்தை ரத்தக்குழாயில் ஓடும் அதே விசையில் ஓடவிடுவது. இவ்வளவுதான் கருவி. ஐகேம்-1 மட்டும் இருந்தபோது செல்கள் நிற்காமல் அடித்துக்கொண்டு போயின. பி-செலக்டின் என்ற வேறொரு புரதம் மட்டும் இருந்தபோது பிடிபட்டன, ஆனால் நிற்கவில்லை. தகட்டின் மேல் மெல்ல உருண்டுகொண்டே போயின. இரண்டையும் சேர்த்து வைத்தபோதும் உருண்டன. பாக்டீரியாவின் வாடையைக் காட்டும் வேதிப்பொருளைத் திரவத்தில் கலந்ததும் நின்றன, பரந்து படிந்தன. 1991இல் வெளியான இந்தச் சோதனையில் மூன்று படிகள் துலங்கின: முதலில் செலக்டினைப் பற்றி உருள்வது, உருளும்போது சுவரில் உள்ள வேதிச் செய்தியை உணர்வது, பிறகு இன்டெக்ரினால் இறுகப் பற்றி நிற்பது. ஸ்டான்ஃபோர்டில் யூஜின் புட்சரும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தார். 2004இல் இருவரும் க்ராஃபோர்ட் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

படிகள் மூன்று என்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. செலக்டின்களில் சில வகை, வேதிச் செய்திகளில் பல வகை, இன்டெக்ரின்–கூட்டாளி இணைகளில் பல வகை. ஒவ்வொரு படியிலும் ஒன்றைத் தேர்ந்து சேர்த்தால் கிடைக்கும் கூட்டுகள் ஏராளம். கவன்ஸ் பார்த்த முகவரி என்பது ஒரு தனி மூலக்கூறு இல்லை, இந்தக் கூட்டு. குடலுக்குப் போகும் லிம்ஃபோசைட்டும் தோலுக்குப் போகும் லிம்ஃபோசைட்டும் ஒரே ரத்தத்தில் மிதந்தாலும் இடம் மாறாததற்குக் காரணம் இதுதான்.

செலக்டின் பிடியில் இன்னொரு வினோதம் உண்டு. எந்தப் பிணைப்பையும் இழுத்தால் சீக்கிரம் அறும் என்பது பொது அறிவு. செலக்டினை ஓரளவு வரை இழுத்தால் அது கூடுதல் நேரம் தாங்குகிறது. சுருக்குக் கயிற்றை இழுக்க இழுக்க இறுகுகிற மாதிரி. 2003இல் தனி மூலக்கூறுகளை இழுத்து அளந்து இதை உறுதி செய்தார்கள். ஓட்டம் இருந்தால்தான் உருளும். ஓட்டம் நின்றுபோனால் செல் கழன்றுகொள்ளும். தேங்கிய ரத்தத்தில் வெள்ளணுக்கள் வீணாக ஒட்டிக்கிடக்காமல் இருக்க இது உதவக்கூடும்.

உருளும் படி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1992இல் இஸ்ரேலில் இரண்டு சிறுவர்கள் காட்டினார்கள். உறவினரல்லாத அந்த இருவருக்கும் அடிக்கடி தொற்று, சீழில்லை, வெள்ளணு ஏராளம். ஆனால் சிடி18 பழுதில்லாமல் இருந்தது. இருவருக்கும் பாம்பே ரத்த வகை. 1952இல் ஒய்.எம். பெண்டேவும் சக ஆய்வாளர்களும் மும்பையில் முதலில் கண்டறிந்த அதே அரிய வகை. ரத்த வகைக்கும் தொற்றுக்கும் என்ன உறவு? ஃபியூகோஸ் என்ற சர்க்கரைதான் உறவு. பாம்பே வகையினரின் சிவப்பணுக்களில் காணாத எச் பொருள் உருவாக ஃபியூகோஸ் வேண்டும். செலக்டின் பற்றிக்கொள்ளும் வெள்ளணுச் சர்க்கரையிலும் ஃபியூகோஸ் வேண்டும். செல்லின் பட்டறைக்குள் ஃபியூகோஸைக் கொண்டுசேர்க்கும் புரதம் இந்தச் சிறுவர்களிடம் பழுது. இதைப் படித்துவிட்டுப் பாம்பே வகை ரத்தமுள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான பாம்பே வகையினரிடம் எச் பொருளை உண்டாக்கும் ஒரு நொதி மட்டுமே இல்லை. அவர்களின் வெள்ளணுக்கள் நன்றாகவே உருளும்.

இஸ்ரேல் சிறுவர்களுடையது ஒட்டுக் குறைபாட்டின் இரண்டாம் வகை. 2009இல் மூன்றாம் வகையின் காரணம் தெரிந்தது. இந்தக் குழந்தைகளிடம் இன்டெக்ரின்கள் இருக்கின்றன, உருள்வதும் நடக்கிறது, ஆனால் நிற்க முடியவில்லை. கூடவே ரத்தக்கசிவும் உண்டு. கின்ட்லின்-3 என்ற உட்புரதம் இல்லாததால் வெள்ளணுவிலும் தட்டணுவிலும் உள்ள இன்டெக்ரின்களை விழிக்கச் செய்ய ஆளில்லை. ஆய்வகம் மூன்று படிகளைச் சொன்னது. மூன்றுக்கும் ஒவ்வொன்றாக நோயும் இருக்கிறது. உயிரியலில் ஒரு கருத்துக்கு இதைவிடக் கறாரான சாட்சி கிடைப்பது அபூர்வம்.

மூன்றாம் வகை நம்மைத் தொடக்கத்துக் கேள்விக்குக் கொண்டுவருகிறது: ஒட்டவும் வேண்டும், ஒட்டவும் கூடாது. 1989இல் மைக்கேல் டஸ்டினும் ஸ்பிரிங்கரும் டி செல்லின் ஏற்பியைத் தூண்டிவிட்டுப் பார்த்தார்கள். சில நிமிடங்களில் எல்.எஃப்.ஏ-1 இறுகப் பற்றியது. அரை மணிக்குள் பிடி தளர்ந்தது. புரதத்தின் எண்ணிக்கை மாறவே இல்லை, அதன் நிலை மாறியது. அதாவது செல்லின் உள்ளிருந்து வரும் ஆணையில் வெளிப்புறத்துப் பிடி திறந்து மூடுகிறது. அடுத்த இருபதாண்டுகளில் பெரும்பகுதியை ஸ்பிரிங்கர் இந்த ஒற்றைக் கேள்விக்கே கொடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை. இன்டெக்ரின் ஓய்வில் இருக்கும்போது முழங்காலை மடித்துக் குனிந்திருக்கிறது. பிடிக்கும் தலை செல்லின் தோலை நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது. உள்ளே டாலின், கின்ட்லின் புரதங்கள் வந்து வாலைப் பற்றியதும் நிமிர்கிறது, தலை திறக்கிறது. எல்.எஃப்.ஏ-1இன் பிடிக்கும் பகுதியை மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பூட்டிவைத்து அளந்தபோது, ஐகேம்-1 மேல் அதற்குள்ள நாட்டம் ஏறத்தாழ 10,000 மடங்கு வேறுபட்டது. ஒரே புரதம், ஒரே இடம். இந்தப் பத்தாயிரம் மடங்கில்தான் நம் ரத்தம் ஓடுவதும் புண் ஆறுவதும் அடங்கியிருக்கின்றன.

ஒட்டுவதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்து ஒட்டாமல் தடுக்க நினைப்பது இயல்பு. தன் உடலையே தாக்கும் நோய்களில் வெள்ளணுக்கள் இறங்கக் கூடாத இடத்தில் இறங்குகின்றன. எல்.எஃப்.ஏ-1ஐ மறைக்கும் எஃபலிசுமாப் 2003இல் சொரியாசிஸ் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோல் தெளிந்தது. ஆனால் எல்.எஃப்.ஏ-1 உடலெங்கும் காவலுக்கு வேண்டிய புரதம். நம்மில் பலரிடம் வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் ஜே.சி. வைரஸ், காவல் தளர்ந்ததும் சில நோயாளிகளின் மூளையைத் தின்றது. 2009இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். இதற்கு முன்பே வேறொரு இன்டெக்ரினைத் தடுக்கும் நடாலிசுமாப் அதே பாதையில் போயிருந்தது. தண்டுவட மரப்பு நோய்க்கு 2004 நவம்பரில் அனுமதி. 2005 பிப்ரவரியில் நிறுத்தம். கடும் கட்டுப்பாடுகளோடு 2006இல் மறுவருகை. மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோயாளிகளே அதைத் திரும்பக் கேட்டார்கள், அபாயம் தெரிந்தே.

பக்கவாதத்தில் மூளைக்குள் வெள்ளணுக்கள் நுழைவதைத் தடுக்க ஐகேம்-1க்கு எதிரான ஒரு சுண்டெலி எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமானார்கள்.

பலித்த மருந்துகளைப் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. குடல் அழற்சி நோய்களுக்கு 2014இல் வந்த வெடோலிசுமாப், குடலுக்குப் போகும் லிம்ஃபோசைட்டுகள் பயன்படுத்தும் முகவரியை மட்டும் மறைக்கிறது. மூளைக்கான பாதையைத் தொடுவதில்லை. ஸ்பிரிங்கர் 1993இல் தொடங்கிய லூக்கோசைட் நிறுவனத்தில் வளர்ந்த மருந்து அது. எல்.எஃப்.ஏ-1ஐத் தடுக்கும் எண்ணமும் அழிந்துவிடவில்லை. 2016இல் லிஃபிடெக்ராஸ்ட் என்ற பெயரில், கண் வறட்சிக்கான சொட்டு மருந்தாக அது அனுமதி பெற்றது. முழு உடலுக்கும் கொடுத்தபோது உயிரை எடுத்த அதே தடுப்பு, கண்ணின் மேற்பரப்பில் நின்றுகொண்டபோது பெரும்பாலும் எரிச்சலோடு போகிறது. இந்தத் துறையில் பணம் போடுகிறவர்கள் எதைத் தடுப்பது என்று அலைவதைக் குறைத்து, எங்கே தடுப்பது என்று யோசித்திருந்தால் சில உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்பது என் கணிப்பு.

முதல் வகைக் குறைபாட்டுக்கு இன்றும் முதன்மைச் சிகிச்சை எலும்பு மஜ்ஜை மாற்றுதான். நோயாளியின் சொந்த மஜ்ஜைச் செல்களிலேயே சிடி18 மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் ஒரு சிறு சோதனையில், சிகிச்சை பெற்ற 9 குழந்தைகளும் ஓராண்டைக் கடந்து உயிரோடு இருந்தார்கள்.

இது பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும் என்பதால், அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும். இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கொடி விழத் தாமதமாவது மட்டும் பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகச் சரியாகிவிடும். ஆனால் மூன்று நான்கு வாரமாகியும் விழாமல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து, ரத்தத்தில் வெள்ளணு எகிறியிருந்தால், அல்லது வீட்டில் ஏற்கெனவே ஒரு சிசு காரணம் தெரியாத தொற்றில் இறந்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் சிடி18 பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி வசதியுள்ள ஆய்வகத்தில் சில மில்லி ரத்தத்தில் முடிகிற வேலை அது.